ஊறுகாய் பாட்டிலைச் சுற்றிய படம்

உ

மீனாட்சிபுரம்,
திருநெல்வேலி சந்திப்பு.
மார்கழி மாதம், 1996.

சிரஞ்சீவி மகன் குமரவேலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும், திசையன்விளையில் உன் தங்கை விஜயஸ்ரீயும் மாப்பிள்ளையும் நெல்லையப்பர் கிருபையால் சுகம், அங்கே உன் சுகத்துக்கு எழுதவும் என்று ஆரம்பிப்பதுதான் முறை. முறைக்கு எழுதிவிட்டேன். ஆனால் எய்யா, இந்த வீட்டில் ஒருத்தருக்கும் சுகமில்லை. ஐப்பசியில் உன்னிடமிருந்து அந்த நாலு வரி வந்ததோடு சரி. தீபாவளி போய், கார்த்திகை போய், திருவாதிரையும் வரப்போகிறது, களிக்கு அரிசி வறுக்க எனக்கு மனசில்லை. தபால்காரர் நம் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பும்போதே வாசலுக்குப் போய் நின்றுவிடுகிறேன், அவர் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு போகிறார், பாவம் அவர் என்ன செய்வார். நீ பெய்ஜிங்குக்குப் போன இந்த ஒன்றரை வருஷத்தில் இப்படி இருந்ததே இல்லை. மாசம் இரண்டு கடிதம் வந்துவிடும், அதில் பனி, சைக்கிள், சாப்பாட்டில் உறைப்பு இருந்தால் உப்பில்லை, ஆபீஸில் சீனத்துப் பிள்ளைகள் தமிழ் படித்துவிட்டு மொழிபெயர்த்துத் தருகிற அழகு, அதை நீ திருத்துகிற பாடு என்று பக்கம் பக்கமாக அளப்பாய். இவனுக்கு வேறு சோலி இல்லையா என்று அலுத்துக்கொண்டு படித்தவள்தான் நான், இப்போது அந்தப் பழைய கடிதங்களை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போன் போடாமல் இல்லை. ஜங்ஷனில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறானே மேலப்பாளையம் அலி அக்பர், சவுதியிலிருந்து திரும்பி வந்தவன், அவன்தான் உன் ஆபீஸ் நம்பரைப் போட்டுத் தந்தான். முதல் தடவை ஒரு பெண்பிள்ளை எடுத்து என்னமோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மறு தடவை ஒருவன் இங்கிலீஷில் நீ ஊரில் இல்லை என்றானாம். எந்த ஊருக்குப் போனான், எப்போது வருவான் என்று கேள் தம்பி என்று அலி அக்பரைப் பிடுங்கினேன், அவனும் கேட்கத்தான் செய்தான், அதற்குள் லைன் போய்விட்டது. "பயப்படாதீக அம்மா, வேலையா வெளியூரு போயிருப்பாரு. நான் சவுதியில இருக்கையில எங்க உம்மாவுக்கு ஆறு மாசம் காயிதமே போடல, ஒண்ணும் ஆவலையே" என்றான். உங்க உம்மா என்ன பாடுபட்டாளோ, அதை என்றைக்காவது கேட்டியாலே என்று கேட்டேன். அவன் மேசையைத் துடைக்க ஆரம்பித்தான்.

எல்லாம் அந்தப் பார்சலால் வந்த வினை. புரட்டாசியில் நார்த்தங்காய் ஊறுகாயும் மோர் மிளகாயும் கருப்பட்டியும் கட்டி அனுப்பினேன் அல்லவா. நீதானே எழுதியிருந்தாய், அம்மா, சாமான்கூட அப்புறம்தான், சுற்றி அனுப்புகிற பேப்பரை எண்ணெய்க் கறையோடு விரித்து வைத்து ஒரு எழுத்து விடாமல் படிக்கிறேன், இங்கே இவர்கள் சொல்லுகிற செய்தி ஒன்றுதான், நம் ஊர்ப் பேப்பர் கண்ணில் காணக் கிடைக்கவில்லை என்று. பிள்ளை படிக்கட்டுமே என்று கிழியாத பேப்பராகப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். பாட்டிலுக்கு மட்டும் வழவழப்பான கலர்த் தாள் என்றால் எண்ணெய் இறங்காதே என்று ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஒன்றை உருவினேன். அதில் முழுப் பக்கத்துக்கு ஒரு சாமியார் படம். மழித்த தலை, மூக்குக் கண்ணாடி, அரக்கு நிறத்தில் மேலாடை, பச்சைப் பிள்ளை மாதிரிச் சிரிப்பு. கீழே எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை, அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ஏதோ ஓர் ஆதீனத்துச் சந்நிதானம், புதிதாகப் பட்டத்துக்கு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மடத்துச் சாமி படம் போட்ட பேப்பரை நம் வீட்டில் காலில் படவிடுவோமா, அதில் கடலை மடிப்போமா? அப்படியானால் ஊறுகாயை மட்டும் சுற்றலாமா என்று நீ கேட்பாய். பிள்ளைக்குப் போகிற சாமான், அது வேறு. முகம் மடங்காமல் வெளியே தெரிகிற மாதிரி வைத்துச் சுற்றி, சாமி என் பிள்ளைக்குத் துணையாகப் போகட்டும் என்று மூன்று விரலால் நெற்றியில் திருநீறு இட்டு, குங்குமமும் வைத்து, பிறகுதான் துணியில் போட்டுத் தைத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சும்மா பழைய பேப்பரென்றால் பழைய பேப்பர் என்று விட்டிருப்பார்கள், திருநீறு பூசிப் பொட்டு வைத்த படத்தை யார் பழைய பேப்பர் என்று நம்புவான்? "பார்சல் கிடைத்தது. பாட்டிலைச் சுற்றியிருந்த படத்தைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள். அம்மா அறியாமல் வைத்தது என்று சொல்லியிருக்கிறேன். இனி எதுவும் அனுப்ப வேண்டாம். நான் நலம்." இதுதான் நீ எழுதினது. ஊறுகாயில் உப்பு கூடிப்போச்சு என்றுகூட ஒரு குறை சொல்லவில்லை.

யார் அந்தச் சாமி, அவர் படம் போனால் ஏன் பிள்ளையைப் பிடித்து விசாரிக்க வேண்டும் என்று இங்கே எனக்கு யாரும் சொல்வார் இல்லை. உன் அப்பா, "நாட்டு விஷயமெல்லாம் நமக்கு எதுக்குளா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒருநாள் போன் போட்டுவிட்டு வருகிறேன், ஈரடுக்குப் பாலத்துக்குப் பக்கத்தில் பனிக்காலம் வந்தால் ஸ்வெட்டர் கடை போடுவார்களே, அவர்களை நாம் நேபாளக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அங்கே ஒரு கடையில் தட்டிப் பலகைக்கு மேலே அதே படம். அதே கண்ணாடி, அதே சிரிப்பு. வெள்ளைத் துண்டு ஒன்றைப் பூமாலை மாதிரி சாத்தியிருந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டேன். கடையில் இருந்தவளுக்கு என் வயசுதான் இருக்கும், பேமா என்று பெயர், தமிழில் விலை மட்டும் சொல்லத் தெரியும். ஓடிப்போய் அலி அக்பரைக் கூட்டிக்கொண்டு வந்தேன், சவுதியில் வடக்கத்தியான்களோடு ஒரே கொட்டகையில் கிடந்து இந்தி படித்தவன் அல்லவா. அவன்தான் கேட்டுச் சொன்னான், இவர்கள் திபெத்துக்காரர்கள், அது தலாய் லாமா படம், இவர்களுக்குச் சாமியும் அவர்தான் ராஜாவும் அவர்தான் என்று. நான் திருநீறு பூசின கதையையும் சொல்லச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு என் வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஐயோ இது அவ்வளவு பெரிய படமா, அப்படியென்றால் என் பிள்ளை கதி என்ன என்றுதான்.

அவள் சொன்னதை நான் இங்கே எழுதித்தான் தீர வேண்டும், எழுதாவிட்டால் பின்னால் வருவது உனக்குப் புரியாது. அவர்கள் தேசம் தனித் தேசமாம். தனிக் காசு, தனித் தபால் தலை, தனிக் கொடி. சீனத்துப் பட்டாளம் வந்து பிடித்துக்கொண்டது, எதிர்த்தவர்களை அடித்தது, மடங்களை இடித்தது, இவள் சின்னப் பிள்ளையாக அப்பன் முதுகில் ஏறிப் பனிமலை தாண்டி வந்தாளாம். இப்போது மைசூர்ப் பக்கம் முகாமில் மக்காச்சோளம் போட்டுப் பிழைக்கிறார்கள், பனிக்காலத்துக்கு லூதியானாவில் ஸ்வெட்டர் எடுத்து ஊர் ஊராகப் போகிறார்கள். அண்ணன் ஒருவன் அங்கேயே நின்றுபோனான், இருக்கிறானா இல்லையா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. பிள்ளையைப் பற்றித் தகவல் தெரியாமல் இருப்பது எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது, அவள் வீட்டில் அது ஆயுசு முழுக்க இருந்திருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு உன்னை அனுப்பி வைத்த ஆள் மேல் கோபம் பொங்கிவிட்டது, அங்கிருந்தே பஸ் ஏறிப் பாளையங்கோட்டையில் கிருபைராஜ் அண்ணாச்சி வீட்டில் போய் இறங்கினேன்.

அவரை எனக்குத் தெரியாதா, நாற்பது வருஷம் சங்கம், கொடி, ஊர்வலம் என்று அலைந்த மனுஷன், கெட்டவர் இல்லை. நீ இங்கே அச்சாபீஸில் புரூப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாயே என்று இரக்கப்பட்டுத்தான் அந்த ஊர்ப் பதிப்பகத்து வேலைக்கு எழுதிப் போட்டார். நான் போய் வாசலில் நின்றே சத்தம் போட்டேன், நீர்தானே வே அனுப்பி வச்சீரு, என் பிள்ளைய நீர்தான் கொண்டாந்து தரணும் என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, ஒரு கட்டுப் புத்தகம் எடுத்துப் போட்டார், எல்லாம் பளபளவென்று சீனத்திலிருந்து வந்தது. "மதினி, அந்தப் பொம்பள சொன்னது பாதிக் கதை. திபெத்து எழுநூறு வருசமா சீனாவோட சேந்ததுதான். அங்கன லாமாமாரும் பிரபுமாரும் நெலத்த பூரா வச்சிக்கிட்டு சனங்கள அடிமையாப் போட்டு வாட்டுனாங்க. பட்டாளம் வந்துதான் அவங்க விலங்க அறுத்து விட்டுச்சு. ரோடு வந்துச்சு, பள்ளிக்கூடம் வந்துச்சு, ஆஸ்பத்திரி வந்துச்சு. நம்ம பேப்பர்ல வாரதெல்லாம் அமெரிக்காக்காரன் சரக்கு" என்றார். படம் படமாகக் காட்டினார். கந்தல் கட்டின கிழவன், சங்கிலி, பிறகு அதே ஊரில் டிராக்டர், சிரிக்கிற பெண்கள். பொய் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? மெய் என்று சொல்லத்தான் என்ன தெரியும்?

நீ என்னைக் கோட்டி பிடித்தவள் என்று சொன்னாலும் சரி, நான் விடவில்லை. நூலகத்துக்குப் போனேன், இந்த வயசில் மெம்பர் ஆனேன். திபெத்தைப் பற்றித் தமிழில் இரண்டே புத்தகம் எடுத்துத் தந்தார்கள். இரண்டிலும் மலை மேலே வெள்ளையும் சிவப்புமாக ஒரே அரண்மனை, ஒரே படம். ஒன்று கிருபைராஜ் அண்ணாச்சி மாதிரி பேசியது, ஒன்று பேமா மாதிரி பேசியது, இரண்டையும் வைத்துக்கொண்டு பேசின புத்தகம் ஒன்று இல்லையா என்று கேட்டேன். அங்கே இருந்த பையன் சிரித்துவிட்டு, அப்படி இருந்தால் நானே முதலில் படிப்பேன் ஆச்சி என்றான். இதில் அதிசயம் என்ன, முக்கூடலில் உன் தாத்தா வயல் போன கதை இல்லையா? உன் மாமாவைக் கேட்டால் உச்சவரம்புச் சட்டம் போட்டு நம் சோற்றில் மண்ணைப் போட்டார்கள் என்று இன்றைக்கும் பல்லைக் கடிப்பான். அந்த வயலை இப்போது உழுகிற இசக்கி வீட்டில் கேட்டால், பட்டா கைக்கு வந்த நாளை அவர்கள் பொங்கல் மாதிரிச் சொல்வார்கள். நான் பிறந்த வீட்டுக் கதையிலேயே எனக்கு இன்னும் யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை, பனிமலைக்கு அந்தப் பக்கத்துக் கதையை நான் எங்கே போய்த் தீர்ப்பது?

ஆனாலும் அவர் சொன்னதை அவளிடமும் அவள் சொன்னதை அவரிடமும் போய்க் கேட்டேன், கோள்மூட்டுகிறவள் மாதிரி. பேமாவிடம் அடிமை விஷயத்தைக் கேட்டதும் கோபப்படுவாள் என்று பயந்தேன். அவள் ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே, ஆமாம், என் அம்மாவைப் பெற்றவர்கள் ஒரு பிரபுவின் பண்ணையில் கிடந்தவர்கள்தான், பிரபு உத்தரவு இல்லாமல் கல்யாணம்கூடக் கட்ட முடியாது, அம்மா சொல்லி அழுவாள் என்றாளாம். அலி அக்பர் அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினான். "அம்மா, அவ என்ன சொல்லுதான்னா, எங்க வீட்டுல ஒழுகுச்சு, நெசந்தான். அதுக்காவ வந்தவன் கூரைய மாத்திட்டு வீட்டையே எழுதி வாங்கிக்கிடலாமாங்கா" என்றான். அதைக் கொண்டுபோய்க் கிருபைராஜ் அண்ணாச்சியிடம் போட்டேன். இடித்த மடம், செத்த சனம், உம்ம புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கு காட்டும் என்றேன். புத்தகங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு, "தப்பு நடந்திருக்கும் மதினி, இல்லைங்கல. பெரிய மாத்தம் வரும்போது நடக்கும். அத இப்பப் பேசுனா உம்ம பிள்ளைக்கு ஆவுமா?" என்றார். அதற்குப் பிறகுதான் ஒரு தாளை எடுத்தார்.

அவர் நட்புறவுக் குழுவில் சேர்ந்து நீ இருக்கிற ஊருக்கு வருகிறார், இன்றைக்குச் சாயங்காலம் மெட்ராஸ் வண்டி. உன் ஆபீஸ் பெரியவர்களை நேரில் பார்த்துப் பேசுகிறேன், ஆனால் வெறுங்கையோடு போனால் நடக்காது என்று என்னை ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறார். இங்கிலீஷில் அவரே டைப் அடித்துக் கொண்டுவந்து எனக்குத் தமிழில் சொன்னார். நான் படிப்பறிவு குறைந்தவள், விவரம் தெரியாமல் அந்தப் படத்தை வைத்தேன், என் மகனுக்கு இதில் சம்பந்தமில்லை. இதெல்லாம் சரி, நாலு தடவை வேண்டுமானாலும் போடுவேன், படிப்பறிவு குறைந்தவள் என்பதைக்கூட விட்டுத்தள்ளு. அதோடு நிற்கவில்லையே. அந்த லாமா நாட்டைப் பிளக்கிற கும்பலுக்குத் தலைவர், திபெத் என்றைக்குமே சீனத்தின் பகுதி, அங்கே ஜனங்கள் விடுதலை பெற்று ஆனந்தமாக இருக்கிறார்கள் என்பதை நான் முழு மனதோடு நம்புகிறேன், அந்தப் படத்தை வணங்கினதற்கு வெட்கப்படுகிறேன். இவ்வளவும் இருக்கிறது. எனக்குத் தெரியாததை நான் எப்படி முழு மனதோடு நம்புவது? பின்பாதியை அடித்துவிட்டு முன்பாதியில் போடுகிறேனே என்று கெஞ்சினேன். "அரைகுறையா எழுதுனா, எல்லாம் தெரிஞ்சுதான் படத்த வச்சிருக்கீகன்னு அங்கன நெனச்சிருவாங்க. அதுக்கு எழுதாமலே இருக்கலாம்" என்றார். அவர் சொன்னதில் இன்னொன்றுதான் என்னை உலுக்கிவிட்டது. உன்னிடமும் இதே மாதிரி ஒரு தாளை நீட்டியிருப்பார்கள், நீ பிடிவாதக்காரன், அங்கேதான் சிக்கிக்கொண்டிருக்கும் என்றார்.

அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும் எய்யா. ஏனென்றால் நீ அப்படித்தான். அச்சாபீஸில் நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் டவுன் ரதவீதிக்காரர் கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்ததே, தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தவில்லை என்று மிஷினை ஓட்டவிடாமல் மறித்து நின்றாயே. முதலாளி கத்துகிறார், கல்யாண வீட்டுக்காரர் கத்துகிறார், ஜோசியர் எழுதிக் கொடுத்தது தப்பாகுமா என்கிறார், நீ மட்டும் எனக்குத் தெரிந்து ஒரு தப்பு அச்சில் ஏறாது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். கடைசியில் நீ சொன்னதுதான் சரி என்று ஆகிப்போனது. அன்றைக்கு உன்னைப் பெருமையாகப் பார்த்தேன், இன்றைக்கு அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. உன் அப்பா கதையைக் கேள். பத்திரப் பதிவு ஆபீஸில் காலமெல்லாம் உட்கார்ந்து, படித்துப் பார்க்காமல் கைநாட்டு வைக்காதீர் ஐயா, விஷயம் விளங்காமல் கையெழுத்துப் போடாதீர் தாயே என்று ஊருக்கெல்லாம் சொன்னவர். அந்த மனுஷன் நேற்று அந்தத் தாளை மேசை மேல் வைத்து, பேனாவையும் திறந்து வைத்து, "ஏளா, போட்டுத் தொலையேன், என்னத்தப் படிக்கே?" என்றார். சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றார். முதுகு குலுங்கியது. உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை, அவருக்குத் தெரியாமல் நான் உள்ளே வந்துவிட்டேன்.

இன்று காலையில் பேமாவிடம் போனேன். ஒளிக்க மனசு வரவில்லை, தாளில் இருப்பதை எல்லாம் அலி அக்பரை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவன், "வேண்டாம்மா, அவ மனசு நோவும்" என்றான். சொல்லுலே என்றேன். சொல்லச் சொல்ல அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்று கேட்டாள், உனக்கு எத்தனை மகன்கள் என்று. ஒன்றே ஒன்று என்று விரலைக் காட்டினேன். அப்புறம் அவள் பேசினதை அலி அக்பர் மெதுவாகத்தான் சொன்னான். "போடச் சொல்லுதாம்மா. எங்க சாமி ஒரு தாளுனால கொறஞ்சு போயிர மாட்டாருங்கா. எங்கண்ணனுக்காவ எங்கம்மை எதுல வேணும்னாலும் கையெழுத்துப் போட்டிருப்பா, அவகிட்ட நீட்டுறதுக்குத்தான் யாரும் வரலைங்கா." எய்யா, அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் போடாமல் இருந்திருப்பேன். போடு என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உனக்கென்று ஒரு ஸ்வெட்டர் எடுத்தேன், சாம்பல் கலர், கைநீளம். கழுத்தில் ஓர் இடத்தில் தையல் விட்டிருந்தது, அவளே நூல் எடுத்துத் தைத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து போட்டுவிட்டேன். பிரம்மநாயகி சிவசண்முகம் என்று முழுப் பெயரும் போட்டேன், இங்கிலீஷில். மனம் அறிந்து தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதன் பாவம் என்னோடு போகட்டும். கேட்டுக்கொள் குமரவேலு, நீ அங்கே ஏதாவது ஒரு தாளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய் என்றால், நிற்காதே. உனக்கும் சேர்த்து உன் அம்மா போட்டாகிவிட்டது. எது சரி, எது தப்பு, எழுநூறு வருஷமா, தனித் தேசமா என்று நீதான் இரண்டு ஊர் பேப்பரையும் பார்த்தவன், வீட்டுக்கு வந்து அந்தத் தாளை என் முன்னால் வைத்து வரிக்கு வரி திருத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். அச்சில் ஏறினதைத் திருத்த முடியாது என்பாய். என்னைத் திருத்தலாமே.

ஸ்வெட்டரைத் தையல் தையலாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறேன், அதில் எழுத்தும் இல்லை படமும் இல்லை. பேப்பர் எதுவும் சுற்றவில்லை, உன் அப்பாவின் பழைய வெள்ளை வேஷ்டியில் பொதிந்திருக்கிறேன், திருநீறுகூட வைக்கவில்லை, அதை மட்டும் இங்கேயே உன் பெயரைச் சொல்லி என் நெற்றியில் இட்டுக்கொண்டேன். குளிருக்கு வெந்நீரில் சுக்குத் தட்டிப் போட்டுக் குடி, சனிக்கிழமை எண்ணெய் தேய்க்காவிட்டாலும் உச்சந்தலையிலாவது ஒரு சொட்டு வை. விஜயஸ்ரீக்கு இது ஏழாம் மாசம், வளைகாப்புக்கு அண்ணன் வருவானா என்று கேட்டு எழுதியிருக்கிறாள், என்ன பதில் போட என்று தெரியாமல் கார்டு அப்படியே இருக்கிறது. நெல்லையப்பரும் காந்திமதியும் உனக்குத் துணை, அந்தப் பேமாவின் சாமிக்கு என் மேல் கோபம் இல்லையென்றால் அவரும் துணை. நீ நீண்ட ஆயுசோடு, நோய் நொடி இல்லாமல், எங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும்.

கிருபைராஜ் அண்ணாச்சி வந்துவிட்டார், வாசலில் ஆட்டோ நிற்கிறது. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. உன் ஆபீஸில் கொடுக்கிற தாளுக்கு ஒரு நகல் உனக்கென்றும் அவர் வைத்திருக்கிறார், அதனால் இரண்டு தாள் உன் கைக்கு வரும். என் மனசெல்லாம் இருக்கிற இந்தக் கடிதத்தை, படித்ததும் கிழித்துத் தண்ணீரில் விட்டுவிடு. மனசே இல்லாத அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்.

அதன் கீழே இருப்பது பிரம்மநாயகியின் கையெழுத்து. இதன் கீழே இருப்பது,

உன் அம்மா.